கொரோனாவுக்குப் பிறகு காது இரைச்சல்: வேலூர் பக்கம் யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம். குடியாத்தத்தில் இருக்கும் என் அம்மாவுக்காகக் கேட்கிறேன். கொரோனா காய்ச்சல், இருமல் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அப்போது இடது காதில் 'ங்ஙொய்' என்று ஆரம்பித்த இரைச்சல் இன்னும் நிற்கவில்லை. பகலில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ராத்திரி ஊர் அடங்கினதும்தான் பெரும்பாடு. ஃபிரிட்ஜ்தான் சத்தம் போடுகிறது என்று எழுந்து போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து படுக்கிறார். சில நேரம் தலையும் சுற்றுகிறது.

இங்கே ஒரு டாக்டர், காதில் அழுக்கு இல்லை என்று சொட்டு மருந்து மட்டும் எழுதிக் கொடுத்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வைரஸ் தொற்றால் உள்காது பாதிக்கப்படலாம் என்கிறார்கள். திடீரென்று காது மந்தமானால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லதாம். அம்மாவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா என்றே இன்னும் யாரும் பார்க்கவில்லை. முதலில் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை எடுத்தாக வேண்டும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? புதிதாகப் போனால் முன்பதிவு எப்படி? அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் இந்தப் பரிசோதனை செய்கிறார்களா? அப்புறம், இதே இரைச்சல் வந்து குறைந்தவர்கள் யாராவது அம்மாவிடம் ஃபோனில் இரண்டு வார்த்தை பேசினால் பெரிய உதவியாக இருக்கும். ரொம்பப் பயந்துபோயிருக்கிறார்.