45 நாள் டைல்ஸ் பயிற்சி முடித்தவர், முதல் வேலையைத் தனியாக எடுக்கலாமா?

கேள்வி: சேலம்_இளையவன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 24. இரண்டு ஆண்டுகள் துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு, கைத்தொழில் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில் டைல்ஸ் பதிக்கும் 45 நாள் பயிற்சியில் சேர்ந்து, சென்ற மாதம் சான்றிதழ் பெற்றேன். பயிற்சிக் கூடத்தில் ஏற்கெனவே மட்டம் பார்த்துப் பூசிய சுவரிலும் தரையிலும் நாங்கள் பதிப்போம். மறுநாள் பெயர்த்துவிட்டு மீண்டும் பதிப்போம். வெட்டுவது, நூல் கட்டுவது, கிரௌட் அடிப்பது (டைல்களுக்கு இடையிலான இடைவெளியை நிரப்புவது) ஆகியவை ஓரளவு கைக்கு வந்துவிட்டன.

ஓமலூர் அருகே என் தாய்மாமா வீடு கட்டுகிறார். பூச்சு வேலை முடிந்துவிட்டது. ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை ஆகியவற்றுக்கு டைல்ஸ் பதிக்க வேண்டும். "வெளியாளுக்குக் கொடுக்கும் கூலியை உனக்கே கொடுக்கிறேன், நீயே எடுத்துச் செய்" என்கிறார். இதற்கிடையே எங்கள் பகுதி மேஸ்திரி ஒருவர் கையாளாக வரும்படி அழைக்கிறார். சான்றிதழ் வாங்கிய பிறகும் கலவை சுமக்க வேண்டுமா என்று வீட்டில் வருந்துகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்த மறுவாரம் பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இடத்துக்கு நான் தனியாக டைல்ஸ் பதித்துக் கொடுத்தேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதும் பாதி வடிகாலுக்குப் போயிற்று. மீதி சுவரோரம் உள்ளங்கை அகலத்துக்குக் குளமாக நின்றுவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. மாமா வீட்டு வேலையை ஏற்கலாமா, சிமெண்டில் பதிப்பதா பசையில் பதிப்பதா, முதலில் என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மட்டக்கோல்_தருமபுரி

தம்பி, நான் 19 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பயிற்சிக் கூடம் உங்களுக்கு டைல்ஸைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. டைல்ஸுக்கு அடியில் இருப்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அங்கே தரை உங்களுக்காக மட்டமாகக் காத்திருந்தது. வெளியே எந்தத் தரையும் அப்படிக் காத்திருப்பதில்லை. சுவரோரம் தண்ணீர் நின்றதற்கும் அதுதான் காரணம்: நீங்கள் டைல்ஸுக்கு மட்டம் பார்த்தீர்கள், தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் (சரிவு) பார்க்கவில்லை.

குளியலறை வாட்டம் எப்படி என்றால், முதலில் நானி டிராப்பின் (தரையில் தண்ணீர் வடியும் குழித்தொட்டியின்) வாய் எந்த உயரத்தில் முடியும் என்பதை உறுதிசெய்ய வேண்டும். அதுதான் அந்த அறையின் மிகத் தாழ்ந்த இடம். ஏழடி நீளமுள்ள அறை என்றால், தொலைவில் உள்ள மூலைக்கும் அந்த வாய்க்கும் இடையே ஏறத்தாழ ஓர் அங்குல இறக்கம் கிடைக்க வேண்டும். அதற்குமேல் வாசற்படியில் குளியலறைத் தரை அறைத் தரையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். இந்த மூன்று உயரங்களையும் டியூப் மட்டத்தால் (தண்ணீர் நிரப்பிய குழாயால்) சுவரில் குறித்து, ஒவ்வொரு மூலையிலும் உயரம் காட்டும் பொட்டு வைத்து, நூல் கட்டிய பிறகுதான் கலவையையே தொட வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் குளியலறைத் தரையில் நாலா பக்க வாட்டத்துக்கு வளைந்து கொடுக்காது. வழுக்காத ஓரடி டைல்ஸைப் பலரும் அங்கே போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே என் யோசனை இது. மாமாவின் படுக்கையறைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறைகளையும் ஹாலையும் உங்களை அழைக்கும் மேஸ்திரிக்கே கொடுக்கச் சொல்லி, அந்த இரண்டிலும் அவருக்குக் கையாளாக நில்லுங்கள். மாமாவிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம். படுக்கையறையில் தவறு நேர்ந்தால் ஒரு டைலைப் பெயர்த்துச் சரிசெய்துவிடலாம். குளியலறையில் நேர்ந்தால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும், சொந்தத்துக்குள் மனத்தாங்கல் வரும்.

படுக்கையறையிலும் முதல் டைலை வைப்பதற்கு முன்னால் கணக்குப் போட வேண்டும். இரண்டடி டைல் என்று நாம் சொல்வது உண்மையில் 600 மில்லிமீட்டர். முழு இரண்டடி இல்லை. நான்கு டைல் உள்ள பெட்டியை 16 சதுர அடி என்று எண்ணி வாங்கினால் கடைசியில் குறையும், அது 15.5 சதுர அடிதான். பத்தடி அகல அறை 3,048 மில்லிமீட்டர். ஒரு சுவரிலிருந்து முழு டைலாகப் போட்டுக்கொண்டே போனால் ஐந்து டைல் முடிந்து, எதிர்ச்சுவரில் இரண்டு அங்குலம்கூட இல்லாத பட்டி ஒன்று மிஞ்சும். அதை வெட்டும்போதே உடையும். உடையாமல் பதித்தாலும், அறைக்குள் நுழைகிறவர் கண் முதலில் அங்குதான் போகும். நடுவில் நான்கு முழு டைல் வைத்து, இரு பக்கமும் ஏறத்தாழ ஓரடித் துண்டு வருமாறு நகர்த்தினால் அறை அறையாகத் தெரியும். இதற்குச் சில டைல்கள் கூடுதலாகச் செலவாகும் என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெட்டி மிஞ்சும் துண்டு பத்தே முக்கால் அங்குலம் இருக்கும். அதிலிருந்து சுவரின் அடியோரத்தில் ஓட்டும் நாலங்குல ஸ்கர்ட்டிங் பட்டி இரண்டு எடுக்கலாம் என்பதால் பெரும்பகுதி வீணாகாது.

கையாளாகப் போவதில் எந்தக் குறைவும் இல்லை. கலவை எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பது அதைக் குழைத்துப் பழகிய கைக்குத்தான் தெரியும்.

பதில்: கட்டடப்பொறியாளர்_திருச்சி

சிமெண்டா பசையா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். டைல் எவ்வளவு நீர் உறிஞ்சும் என்பதைப் பொறுத்தே இதை முடிவுசெய்ய வேண்டும். சுவருக்கு வரும் சாதாரண செராமிக் டைல் தன் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சக்கூடியது. அதனால்தான் அதை நீரில் ஊறப்போட்டுச் சிமெண்டில் பதித்தார்கள். சிமெண்ட் பால் அதன் முதுகுத் துளைகளில் புகுந்து பிடித்துக்கொண்டது. கண்ணாடி போல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல் உறிஞ்சுவது அரை விழுக்காடோ அதற்கும் குறைவோதான். சிமெண்ட் பால் புகுவதற்கு அதில் இடமில்லை. அதை ஊறப்போடுவதிலும் பயனில்லை. தரையில் கலவைப் படுகையின்மேல் அதன் எடையே அதை ஓரளவு நிறுத்திவைக்கும். சுவரில் அந்த உதவியும் கிடையாது. எனவே சுவரில் விட்ரிஃபைடு என்றால் பசை தவிர வேறு வழியைக் கருதவே வேண்டாம். டைல் பசைக்கு ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. எந்த வகை டைலுக்கு எந்த வகைப் பசை என்பதை மூட்டையில் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஆனால் பசை எல்லாவற்றையும் மன்னித்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில்தான் நிற்கும். சிமெண்டில் பதிக்கும்போது சுவரின் பள்ளத்தைக் கலவையால் நிரப்பிக்கொள்ளலாம். பசையில் பதிப்பதற்கு முன் நீண்ட மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, பள்ளமிருந்தால் முதலில் பூசித் திருத்தியாக வேண்டும்.

டைலின் முதுகில் ஐந்து உருண்டை பசை வைத்துச் சுவரில் அழுத்தும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். உருண்டைகளுக்கு இடையே காற்று நிற்கும். தட்டினால் வெற்றுச் சத்தம் வரும். ஆணி அடிக்கும் நாளில் அந்த இடம் விரியும். பல் வைத்த கரணையால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைலை வைத்து, கோட்டுக்குக் குறுக்காகச் சற்று அசைத்து அழுத்துங்கள். தொடக்கத்தில் நாலைந்து டைலுக்கு ஒன்றை உடனே கழற்றி முதுகைப் பாருங்கள். மூலை வரை பசை பரவியிருந்தால் சரி. வெயில் காலத்தில் சுவரில் தடவிய பசையின்மேல் சீக்கிரமே ஏடு படர்ந்துவிடும். தொட்டால் விரலில் ஒட்டவில்லை என்றால் அதன்மேல் டைலை வைக்காமல் வழித்தெடுத்துவிடுங்கள்.

குளியலறையில் நீர்க்காப்புப் பூச்சு செய்தவர் யாராக இருந்தாலும், டைல்ஸ் தொடங்குவதற்கு முன் நீர் தேக்கி 24 முதல் 48 மணி நேரம் கீழே கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கினால், பின்னாளில் வரும் ஒவ்வொரு கசிவுக்கும் டைல்ஸ் பதித்தவரே பதில் சொல்ல நேரும்.

பதில்: மதுரை_கிரௌட்

தம்பிக்கு வணக்கம். நான் எட்டு ஆண்டுகள் சித்தாளாக இருந்து, பிறகு டைல்ஸ் பதிக்கக் கற்றுக்கொண்டவள். எங்களைப் போன்ற பெண்களுக்குப் பெரும்பாலும் கடைசியில் கிரௌட் அடிக்கும் வேலையைத்தான் கொடுப்பார்கள். அந்த வேலையே எனக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. ஒவ்வொரு இடைவெளியையும் கையால் நிரப்புகிறவளுக்கு, யார் இடைவெளி சீராக வர ஸ்பேசர் துண்டு வைத்தார், யார் கண் மதிப்பில் வைத்தார், எந்த டைல் பக்கத்து டைலைவிட நகக்கண் அளவு தூக்கி நிற்கிறது என்பதெல்லாம் விரலிலேயே தெரிந்துவிடும். நீங்களும் கையாளாகச் சேர்ந்ததும் கிரௌட் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

கருவிகளில் ரசமட்டம் (குமிழ் வைத்த மட்டம்), தூக்குக்குண்டு, மூலைமட்டம் (மூலை செங்கோணமா என்று பார்க்கும் கருவி), ரப்பர் சுத்தி, பல் கரணை, நூல் ஆகியவற்றைச் சொந்தமாக வாங்குங்கள். ரசமட்டத்தில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். வாங்கும்போது கடையிலேயே ஓரிடத்தில் வைத்துக் குமிழைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் இடமுனை வலப்பக்கம் வருமாறு திருப்பி வைத்து மீண்டும் பாருங்கள்; இரண்டு முறையும் குமிழ் ஒரே இடத்தில் நின்றால்தான் அது சரியான மட்டம். வெட்டும் மெஷினை மேஸ்திரியிடம் பழகிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தூசியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். டைல்ஸையும் கிரானைட்டையும் உலர்வாக வெட்டும்போது பறக்கும் வெண்தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த முடியாது. முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதும் என்று நாங்களும் நம்பியிருந்தோம். அந்த நுண்தூளைத் துணி தடுக்காது. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், என்95 முகக்கவசம் அணியுங்கள். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால், மின்கசிவு நேர்ந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் கருவி அந்த வீட்டில் இருக்கிறதா என்று கேட்ட பிறகே ஒயரை மாட்டுங்கள்.

கூலியைப் பொறுத்தவரை, தரைக்குச் சதுர அடிக் கணக்கு, ஸ்கர்ட்டிங்குக்கும் படி விளிம்புக்கும் ரன்னிங் அடிக் (நீள அடிக்) கணக்கு என்பதைத் தொடங்கும் முன்பே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்த மாமா என்றாலும் எழுதுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்துவிடுங்கள். 18 வயது முதல் 60 வயது வரை பதியலாம். விபத்து உதவியும், பிள்ளைகளின் கல்விக்கு உதவியும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் அதன் வழியாகக் கிடைக்கின்றன. என் மகளின் படிப்புக்கு அந்த உதவி கிடைத்தது.

மறுமொழி: சேலம்_இளையவன்

மூவருக்கும் என் நன்றி. மாமாவிடம் பேசிவிட்டேன். குளியலறைகளும் ஹாலும் மேஸ்திரிக்கு, படுக்கையறைகள் எனக்கு என்று முடிவாயிற்று, மாமாவுக்கு வருத்தமில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தச் சுவரோர டைல்களைப் பெயர்த்து வாட்டம் கொடுத்துத் திரும்பப் பதித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூலைவிட்டம் அளந்தேன். கணக்குப்படி இரண்டும் பதினைந்தடி ஏழரை அங்குலம் அளவில் வர வேண்டும். ஒன்று சரியாக வந்தது. மற்றொன்று ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக இருக்கிறது. மட்டக்கோல் ஐயா, இப்போது எந்தச் சுவரை ஆதாரமாக வைத்து நூல் கட்ட வேண்டும்?

பதில்: மட்டக்கோல்_தருமபுரி

எந்தச் சுவரையும் ஆதாரமாக வைக்காதீர்கள், தம்பி. அறை மூலைமட்டத்தில் இல்லை என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஹாலிலிருந்து கதவு வழியாகப் பார்த்தால் டைல் கோடு நேராக உள்ளே ஓட வேண்டும். ஆகவே மேஸ்திரி ஹாலில் கட்டும் நூலையே வாசல் வழியாக உங்கள் அறைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் மூன்றடி, அதற்குக் குறுக்கே நான்கடி குறித்து, இடையே சரியாக ஐந்தடி வருகிறதா என்று பார்த்து இரண்டாவது நூலைக் கட்டுங்கள். சாய்வான துண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டிலோ அலமாரியோ வருமா என்று மாமாவிடம் கேட்டுவிட்டு, கலவையில்லாமல் ஒரு வரிசையை வெறுமனே பரப்பிப் பாருங்கள். அதைப் படம் எடுத்து இங்கே போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.