புதுப்பிப்பு: சமாரியம் ஹெக்ஸாபோரைடும் அலுமினியச் சந்தேகமும்

போன இழையில், மின்கடத்தாப் பொருளான சமாரியம் ஹெக்ஸாபோரைடில் குவாண்டம் அலைவுகள் தெரிவதைப் பற்றி எழுதியிருந்தேன். காந்தப்புலத்தைக் கூட்டும்போது ஒரு பொருளின் காந்தமாக்கமோ மின்தடையோ சீராக ஏறி இறங்குவதுதான் இந்த அலைவு; வழக்கமாக இது உலோகங்களில்தான் தெரியும். "படிகத்தை உருகிய அலுமினியத்தில்தானே வளர்க்கிறார்கள், இந்த அலைவுகள் உள்ளே தங்கிய அலுமினிய மிச்சத்திலிருந்து வருபவை இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மிக நல்ல கேள்வி. நான் அதைத் தொடாமல் விட்டது தவறு.

2019-இல் வந்த ஆய்வு அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது. அப்படி வளர்த்த படிகங்களுக்குள் சிறு அலுமினியத் துண்டுகள் சிக்கியிருந்தன, காந்தமாக்க அலைவுகள் அவற்றிலிருந்தே வந்தன. துண்டுகள் கண்டபடி கிடக்கவில்லை. சுற்றியுள்ள கனசதுர அணிக்கோவைக்கு (படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட அமைப்புக்கு) ஒத்த திசையில் படிகமாகியிருந்தன. ஆகவே காந்தப்புலத்தின் கோணத்தை மாற்றினால் அலைவும் சீராக மாறும், படிகத்தின் சொந்தக் குணம் போலவே தோன்றும். மின்தடையை அளந்தாலும் அந்தத் துண்டுகள் பிடிபடாது. இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

ஆனால் கதை முடியவில்லை. 2015-இல் கேம்பிரிட்ஜில் சுசித்ரா செபாஸ்டியன் குழு அளந்தவை அலுமினியமே இல்லாமல், மிதக்கும் மண்டல முறையில் (அதே பொருளாலான தண்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் உருக்கி நகர்த்தும் முறையில்) வளர்த்த படிகங்கள். 2018-இல் இன்னொரு மின்கடத்தாப் பொருளான இட்டெர்பியம் டோடெக்காபோரைடில் மின்தடையிலேயே அலைவுகள் தெரிந்தன. இவற்றை அலுமினியத்தின் தலையில் கட்ட முடியாது. பழைய பதிவில் எந்தப் படிகம் எந்த முறையில் வளர்த்தது என்று இப்போது சேர்த்துவிட்டேன்.