21 நாள் தாண்டியாச்சு, ஒரே ஒரு முட்டைதான் விரிசல் விட்டிருக்கு. உரிச்சு விடலாமா?

முருங்கைத்தோட்டம்:

வணக்கமுங்க. எங்களுது அரவக்குறிச்சிப் பக்கம், முருங்கைத் தோட்டத்துக்குள்ளயே வீடு. கோழி வளர்ப்புல அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்க, எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை.

செவலைச் சிறுவிடை நாட்டுக்கோழி, முட்டையிட்டு அடை படுக்கிறது இது ரெண்டாவது ஈடு. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பொழுது சாஞ்சதும் 11 முட்டை வச்சு அடைக்கு விட்டோம். மூங்கில் கூடையில பாதிக்கு ஆத்து மணல், மேல வைக்கோல், கோழிச்செல்லுப் பூச்சி வராம இருக்க நொச்சித் தழை. எங்க அத்தை இடிக்குக் காப்புன்னு கூடை ஓரத்துல ஒரு வரமிளகாயும் அடுப்புக்கரியும் தேஞ்ச அருவா முனை ஒண்ணும் சொருகி வச்சாங்க. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தப்ப ஒண்ணைத் தவிர எல்லாத்துலயும் நரம்பு ஓடியிருந்துச்சு. அந்த ஒண்ணையும் அத்தை, "இருந்துட்டுப் போகட்டும்"னுட்டாங்க.

கோழி நல்ல தாய்க்கோழிங்க. தினமும் காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு தடவை எந்திரிக்கும். கம்பு கொத்தி, தண்ணி குடிச்சு, எருக்குழி ஓரம் புழுதியில புரண்டு, குவியலா நாத்தம் புடிச்ச எச்சம் ஒண்ணைப் போட்டுட்டு, கால் மணி நேரத்துல ஓடி வந்து படுத்துக்கும். முந்தாநாள்ல இருந்து எந்திரிக்கவே இல்லை. கையைக் கொண்டு போனா ரெக்கையெல்லாம் விரிச்சுச் சிலுத்துக்கிட்டு ஒரு சத்தம் போடுது பாருங்க, எங்க நாயே தள்ளித்தான் போகுது.

நேத்தோட கணக்கு முடிஞ்சுது. இன்னைக்கு மத்தியானம் மெதுவா கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தேன். அகலமான பக்கத்துல ஓடு ஒரு நெல்லளவுக்குப் பேந்து மேல தூக்கி நிக்குது. அந்த இடுக்குல மூக்கு நுனியும் அதுல வெள்ளையா ஒரு புள்ளியும் தெரியுது. மூச்சுக்கு மூச்சு அசையுது. காதுகிட்ட வச்சா கீச்சு கீச்சுனு சத்தம். இப்ப ராத்திரி எட்டு மணி, அந்தப் பொத்தல் இம்மி கூடப் பெருசாகலை. வேற ரெண்டு மூணு முட்டையில சத்தம் மட்டும் கேக்குது. மீதியில ஒண்ணும் இல்லை.

"ஊசியை எடுத்து ஓட்டைப் பேத்து விடு, உள்ளயே மூச்சு முட்டிச் செத்துரும்"ங்கறாங்க அத்தை. பக்கத்துத் தோட்டத்து அக்கா, போன வாரம் இடிச்ச இடியில கரு கலங்கிருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. உரிச்சு விடட்டுமா, வேண்டாமா?

வயல்வெளி:

ஒரு சட்டியில வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி எல்லா முட்டையையும் போட்டுப் பாருங்க அக்கா. உசுரு இருக்கறது மிதந்து ஆடும், இல்லாதது ஆடாம கிடக்கும். எங்க அப்பத்தா அப்படித்தான் பாப்பாங்க.

கரிசல் பஞ்சாரம்:

உரிக்காத தாயி. தண்ணியிலயும் போடாத. வயல்வெளி தம்பி கோவிச்சுக்கப்படாது, தண்ணிச் சமாச்சாரத்தை மொதல்ல சொல்லிர்றேன். பொத்தல் விழுந்த முட்டையைத் தண்ணியில விட்டா அந்த வழியாத் தண்ணி ஏறி, மூக்கை நீட்டி மூச்சு விட்டுக்கிட்டு இருக்கிற குஞ்சு முங்கிச் செத்துரும். பொத்தல் விழாத முட்டையிலயும் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும், ராத்திரி வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குத் தெரியாது. கணக்கு முடிஞ்ச முட்டைக்கு இந்தச் சோதனை ஆகவே ஆகாது.

இப்ப உன் முட்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். அகலப் பக்கம் ஒரு காத்துப்பை இருக்குல்லா, கடைசி ரெண்டு மூணு நாள்ல குஞ்சு தலையை அங்க கொண்டு வந்து மொதல்ல உள்தோலைத்தான் குத்தும். அப்பத்தான் நுரையீரல்ல மூச்சு இழுக்க ஆரம்பிக்குது. சத்தம் கேக்குறதும் அதுக்கப்புறந்தான். பெறகு ஓட்டைக் கொத்தி வெளிக்காத்துக்கு ஒரு பொத்தல் போடும். நீ பாத்த வெள்ளைப் புள்ளி இருக்கே, அதான் ஓடு உடைக்கிற பல்லு. பொரிச்சு சில நாள்ல உதுந்து போகும்.

பொத்தல் போட்ட குஞ்சு அசையாம கெடக்கும். அரை நாளும் கெடக்கும், ஒரு நாள் முழுக்கவும் கெடக்கும். பாக்குறவுகளுக்கு அது தவிச்சுக்கிட்டு கெடக்குன்னு தோணும். ஆனா அந்நேரந்தான் மிச்சமுள்ள மஞ்சக்கரு தொப்புள் வழியா வயித்துக்குள்ள ஏறுது. ஓட்டை ஒட்டின தோல்ல ஓடுற ரத்தம் குஞ்சு ஒடம்புக்குத் திரும்புது. இது ரெண்டும் முடியுமுன்ன நீ ஊசியை விட்டா நரம்பு அறுந்து ரத்தம் ஒழுகும், மஞ்சக்கரு தொப்புள்ல தொங்குறபடி குஞ்சு வெளிய வரும். அப்படி வந்தது தேறுறது ரொம்பக் கஷ்டம். அது வேலை முடிஞ்சதும் அதுவே காலை உந்தி உள்ளயே சுத்திச் சுத்தி ஓட்டைக் கொத்தும். சம்படத்து மூடி கழண்ட கணக்கா அகலப் பக்கம் தனியா விழுந்துரும். அந்தக் கட்டத்துக்கு ரொம்ப நேரம் எடுக்காது.

அதனால நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தொடாத. அப்பவும் பொத்தல் அப்படியே நின்னு, சத்தம் மங்கி, உள்தோல் காஞ்சு பழுப்பா இறுகிப் போயிருந்தா, அப்ப மட்டும் வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணியால அந்தத் தோலை ஈரப்படுத்து. மூக்கை அடைச்சிராத. பொத்தல் ஓரத்துல நெல்லளவு ஓடு மட்டும் எடு. ரத்தம் ஒரு சொட்டு பாத்தாலும் நிறுத்திட்டு கோழிக்கு அடியிலயே திரும்ப வச்சிரு.

இடிக்கு வருவோம். நானும் அவயக் கூடையில, அதான் அடைக் கூடையில, கரியும் இரும்பும் வைக்கிறவன்தான், எங்க ஆத்தா காலத்துப் பழக்கம், அதை விடுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ஐப்பசியில இடியும் மின்னலுமா இருக்கையில வச்ச அவயம் எனக்கு நல்லாப் பொரிச்சிருக்கு. மழை நாள்ல முட்டை கெட்டுப் போறது, கூரை ஒழுகிக் கூடை நனையுறதாலயும், கோழி மெரண்டு எந்திரிச்சுப் போயி முட்டை குளுந்து கெடக்குறதாலயும்தான். உன் கோழி இடத்தை விட்டு எந்திரிக்கலைன்னா இடியை மறந்துரு.

நாள் கணக்கையும் சரியாப் பாரு. சாயங்காலம் வச்ச முட்டைக்கு மறுநாள் சாயங்காலம்தான் ஒரு நாள். இட்டு ரொம்ப நாள் சேத்து வச்ச முட்டைன்னா, அதுவும் இந்த வெயிலுக்கு, அரை நாளோ ஒரு நாளோ பிந்தும். பொரிக்கிற எண்ணிக்கையும் குறையும். ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டையா அடுத்த ஈட்டுக்குப் பாத்து எடு.

மெஷின்பொரிப்பு, ஈரோடு:

கரிசல் ஐயா சொன்னதுதாங்க சரி. நான் இன்குபேட்டர்ல பொரிக்கிறேன். சூடு 37.5 டிகிரி. 18-ஆம் நாளோட முட்டையைத் திருப்புறதை நிறுத்திட்டு, ஈரப்பதத்தை 65, 70 சதவீதத்துக்கு ஏத்திடுவேன். அதுக்கப்புறம் குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் மூடியைத் திறக்கறதில்லைங்க. திறந்தா ஈரம் வெளிய போயிரும், உள்தோல் காஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கும். அப்புறம் அதால சுத்த முடியாது, உள்ளயே மாட்டிக்கும். உங்க கோழி முந்தாநாள்ல இருந்து எந்திரிக்காம இருக்கறதால அந்த ஈரமும் சூடும் முட்டைக்கு அப்படியே நிக்குது. நீங்க கையை விட்டு எடுத்தா அது கலையும். அரவக்குறிச்சிக் காத்து வறண்ட காத்து, ஏதாவது செஞ்சே ஆகணும்னு இருந்தா கூடைக்கு வெளிய சுத்தி மணலைக் கொட்டி அதை மட்டும் நனைச்சு விடுங்க. முட்டை மேல தண்ணி தெளிக்க வேண்டாம்.

முருங்கைத்தோட்டம்:

ரொம்ப நன்றிங்க ஐயா, அண்ணா. ராத்திரியே அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். மஞ்சக்கரு தொப்புள் வழியா உள்ள போகுதுங்கற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. அப்புறம் ஊசியை நூல்கண்டுலயே குத்தி வச்சுட்டாங்க. மணலும் நனைச்சு விட்டோம்.

விடியக்காலம் பால் கறக்க எந்திரிச்சப்பவே சத்தம் மாறியிருந்துச்சு. கோழி அடித்தொண்டையில மெதுவா பேசுது, அடியில இருந்து பதில் வருது. நேத்து பொத்தல் விட்டதுதான் மொதல்ல வந்திருக்கு போல, மயிர் காஞ்சு பஞ்சாட்டம் இருந்துச்சு. மத்தது எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு பொழுது சாயற வரைக்கும் வந்துட்டே இருந்துச்சு. ஒண்ணு கருப்பு, ஒண்ணு முதுகுல கோடு போட்டது, மீதி எல்லாம் செவலை. எனக்கு இருக்கற சந்தோசத்தை எப்படிச் சொல்றதுன்னே தெரியலைங்க.

ரெண்டு முட்டை மட்டும் அப்படியே கிடக்கு. கோழி எந்திரிக்கலாமா வேண்டாமான்னு பாத்துட்டு இருக்கு. குஞ்சுகளுக்குக் குருணை போடட்டுமா? அந்த ரெண்டை என்ன செய்யறது?

கரிசல் பஞ்சாரம்:

நல்ல சேதி தாயி. தீனிக்கு அவசரமில்ல. உள்ள ஏறின மஞ்சக்கருவே ரெண்டு நாளைக்குத் தாங்கும். அந்த நாளை வச்சுத்தான் கோழி பிந்தின முட்டைக்குக் காத்துக்கிட்டு இருக்கு. நாளைக் காலம்பற வரைக்கும் எழுப்பாத. அதுவா எந்திரிச்சு குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு எறங்கினா விட்டுரு.

மிச்சம் ரெண்டையும் அப்ப எடுத்துக் காதுல வை. சத்தமில்லாம, லேசா ஆட்டினா குலுகுலுன்னு தண்ணியாட்டம் இருந்தா கூமுட்டை. ஏழாம் நாள்ல நரம்பு ஓடாதது அதுல ஒண்ணா இருக்கும். வீட்டுப் பக்கம் உடைச்சிராத, நாத்தம் தாங்காது. தூரமாக் குழி தோண்டிப் பொதைச்சிரு. கூடை வைக்கோலைக் கொளுத்திட்டு மணலை வெயில்ல காய வை, செல்லு அதுலதான் தங்கும்.

மொதல் தீனி கம்பங்குருணையோ அரிசிக்குருணையோ போடு, கடையில விக்கிற குஞ்சுத் தீவனம் கெடைச்சா இன்னும் நல்லது. தண்ணியை ஆழமில்லாத தட்டுல வச்சு உள்ள கூழாங்கல்லு போட்டு வை, இல்லைன்னா குஞ்சு நனைஞ்சு வெறைச்சுப் போகும். மொதல் ரெண்டு வாரம் தாயோட பஞ்சாரத்துக்குள்ளயே கவுத்து வை. உங்க பக்கம் கொடாப்புன்னு சொல்லுவீக. காக்கா, கீரி, பருந்து எல்லாத்துக்கும் இந்தப் பருவத்துக் குஞ்சுதான் கண்ணு.

பொரிச்ச ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராம இருக்கக் குஞ்சுக்குக் கண்ணுல, மூக்குல சொட்டு மருந்து விடணும். அதை மட்டும் தள்ளிப் போடாத. எங்க ஊரு கால்நடை மருந்தகத்துல சனிக்கிழமை கோழிக்கு மருந்து குடுப்பாக, உங்க ஊருல என்னைக்குன்னு இப்பவே கேட்டு வச்சுக்க. வீட்டுக்கு வாங்கியாந்தா ஐஸ் போட்ட பிளாஸ்குல கொண்டு வா. கலக்கின மருந்தைக் காத்திருக்க விடாம உடனே விட்டு முடிச்சிரணும்.