பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 57: எந்தப் பட்டியலை நம்புவது?

இசைத்தட்டு:
1985இல் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள் (ஒரு பாட்டை முன்வைத்துத் தனியாக விற்கும் தட்டு) ஜெனிஃபர் ரஷ் பாடிய 'தி பவர் ஆஃப் லவ்'. அக்டோபரில் தொடங்கி ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. தனிப் பாடகி ஒருவரின் சிங்கிள் அந்த நாட்டில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது அதுதான் முதல் முறை. ரஷ் நியூயார்க்கில் பிறந்தவர். ஆனால் அவருடைய சொந்த நாட்டில், பில்போர்டு இசை இதழின் ஹாட் 100 பட்டியலில், அதே பாட்டு 1986இல் 57ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

"அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 80களில் பிரிட்டன் பட்டியல் முழுக்க முழுக்கக் கடை விற்பனையை வைத்துத் தயாரானது. அமெரிக்கப் பட்டியல் விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கலந்து போட்டது. வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒதுக்கினால், மக்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிவதற்கு முன்பே அது கீழே போய்விடும். அந்தக் காலப் பாட்டுகளின் உண்மையான செல்வாக்கு தெரிய வேண்டுமானால் பிரிட்டன் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பண்பலை:
நான் எதிர்க்கட்சி. சிங்கிள் வாங்குகிறவர்கள் ஒரு நாட்டின் ரசிகர்களில் சிறு பகுதி. அவர்களிலும் பெரும்பாலோர் இளவட்டங்கள். காரில், சமையலறையில், வேலை செய்யும் இடத்தில் வானொலி கேட்டவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அமெரிக்காவில் ஒரு பாட்டு பிடித்தவர் முழு ஆல்பத்தை கேசட்டில் வாங்கிவிடுவார், சிங்கிள் பக்கமே போக மாட்டார். அவருடைய விருப்பம் வானொலி வழியாகத்தான் பட்டியலுக்குள் வர முடியும்.

ஜர்னி குழுவின் 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்' அமெரிக்காவில் 1981இல் 9ஆம் இடம் வரை போனது. அது இடம்பெற்ற 'எஸ்கேப்' ஆல்பம் அங்கே முதலிடம். பிரிட்டனில் அதே சிங்கிள் 1982இல் 62ஆம் இடம். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அதைக் கையில் எடுத்த பிறகு பிரிட்டனிலும் முதல் பத்துக்குள் வந்தது. அந்த 62 எதைக் காட்டியது? பாட்டு அவர்கள் காதில் விழவே இல்லை என்பதை மட்டும்தான்.

கீபோர்டு கிளி:
ரஷ் விஷயத்தில் எளிய காரணம் ஒன்று இருக்கலாம். 1985 ஆகஸ்டில்தான் ஹியூயி லூயிஸ் குழு அதே தலைப்பில் ஒரு பாட்டை அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. உடனே அதே பெயரில் இன்னொரு பாட்டு வந்தால் வானொலிக்காரர்கள் தயங்க மாட்டார்களா?

இசைத்தட்டு:
தயங்கியிருக்கலாம், ஆனால் தலைப்பு காரணமாக இருக்க முடியாது. பிரிட்டனில் 1984 டிசம்பரில் ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழு 'தி பவர் ஆஃப் லவ்' என்ற வேறொரு பாட்டோடு முதலிடம் பிடித்தது. பத்தே மாதத்தில் ரஷ் அதே தலைப்போடு அதே இடத்துக்கு வந்தார். நடுவில் ஹியூயி லூயிஸின் பாட்டும் அங்கே 11ஆம் இடம் வரை வந்துபோனது. ஒரே பெயரில் மூன்று பாட்டு இருந்தும் கடைக்குப் போனவர்கள் குழம்பவில்லை.

குளிர்தேசம்:
கனடாவை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? ரஷ்ஷின் பாட்டு இங்கே முதலிடம். பக்கத்து நாடு, அதே மொழி, எல்லையோர ஊர்களில் அதே அமெரிக்க நிலையங்களைக் கேட்கிற மக்கள். இங்கே 1, அங்கே 57. ரசனை எல்லைக்கோட்டில் வந்து இப்படித் தலைகீழாக மாறிவிடுமா? அமெரிக்க வானொலியின் கதவைத்தான் இதில் சந்தேகிக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நான் இசைத்தட்டு பக்கம்.

பண்பலை:
கனடா உதாரணம் வலுவானது. ஆனால் அந்தப் பாட்டு பிரிட்டனில் ஏறிய வேகத்தையும் பாருங்கள். ஜூனில் பட்டியலுக்குள் வந்த பாட்டு, முதலிடம் தொட அக்டோபர் ஆனது. பிரிட்டனிலும் அது முதலில் கவனிக்கப்படாமல்தான் கிடந்தது. கடைகளில் இருந்துகொண்டே இருந்ததால் மெல்ல ஏறியது. அத்தனை நாள் காத்திருக்கும் பொறுமை அமெரிக்க நிலையங்களுக்குக் கிடையாது, அதை நான் மறுக்கவில்லை. அதற்காக வானொலியையே கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

ரைன்கரை:
நான் ஜெர்மனியில் இருக்கிறன். நீங்கள் இருவரும் லண்டனையும் நியூயார்க்கையும் மட்டும் வைத்து வழக்காடுகிறீர்கள். அந்தப் பாட்டு உருவானதே மேற்கு ஜெர்மனியில், இங்குள்ள தயாரிப்பாளர்களோடு. இங்கே அது 16ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதை என்னவென்று சொல்வீர்கள்?

அதே காலத்தில் இங்கே மாடர்ன் டாக்கிங் அடுத்தடுத்து ஐந்து சிங்கிள்களை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அவர்களுடைய 'பிரதர் லூயி' மட்டும் 1986இல் 4ஆம் இடம் வரை போனது. அமெரிக்க ஹாட் 100இல் அவர்கள் ஒரு தடவைகூட நுழையவில்லை. கணக்கெடுக்கும் முறையை எவ்வளவு திருத்தினாலும் இந்த வித்தியாசம் மறையாது. ஒவ்வொரு நாட்டிலும் எந்த நிறுவனம் எந்தப் பாட்டுக்காகப் பணம் செலவழித்தது, தொலைக்காட்சி எதைக் காட்டியது, அந்த வாரம் எதிரில் யார் நின்றார்கள் என்பதுதான் முதலில் வரும்.

ஜெர்மன் குழு நேனாவின் கதை இதற்கு நல்ல சான்று. '99 லுஃப்ட்பலூன்ஸ்' 1983இல் இங்கே முதலிடம். பிரிட்டனுக்காக ஆங்கிலத்தில் பாடிக் கொடுத்தார்கள், 1984இல் அங்கே மூன்று வாரம் முதலிடம். கனடாவிலும் ஆங்கிலப் பாட்டே முதலிடம் பிடித்தது. ஆனால் லாஸ் ஏஞ்சலஸின் கேஆர்ஓக்யூ நிலையம் ஜெர்மன் பாட்டை ஒலிபரப்பத் தொடங்கியதும் அமெரிக்காவில் ஜெர்மன் பாட்டே ஓடியது. ஒரு சொல் விளங்காத மக்கள் அதை 2ஆம் இடம் வரை ஏற்றினார்கள். முதலிடத்துக்குப் போக முடியாமல் மறித்தது வான் ஹேலனின் 'ஜம்ப்'. அந்த 'ஜம்ப்' பிரிட்டனில் 7ஐத் தாண்டவில்லை. அப்படியென்றால் நேனாவுக்கு அமெரிக்காவில் 2 கிடைத்ததற்கு யார் காரணம், நேனாவா வான் ஹேலனா?

பண்பலை:
ரைன்கரை அண்ணை சொன்னதில் எனக்கு வேண்டியது இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு ஜெர்மன் பாட்டு 2ஆம் இடம் வரை போக வழி திறந்தது ஒரு வானொலி நிலையம். வானொலி கதவை அடைக்கும் என்று மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாகும்.

இசைத்தட்டு:
சரி, கதவு அடைபட்ட கதையைப் பேசுவோம். 1984 ஜனவரியில் ஃபிராங்கியின் 'ரிலாக்ஸ்' பாட்டை பிபிசி தடை செய்தது. நாட்டின் மிகப் பெரிய பாப் நிலையம் ஒலிபரப்ப மறுத்தும் அது முதலிடத்துக்குப் போய் ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. வானொலிப் புள்ளிகளைக் கலக்கிற முறை பிரிட்டனில் இருந்திருந்தால் தடை போட்டவர்களின் விருப்பம்தான் பட்டியலில் பதிவாகியிருக்கும். அமெரிக்காவில் அதே பாட்டு முதல் முறை 67ஆம் இடத்தில் நின்றது. மறுபடி வெளியிட்ட பிறகுதான் 1985இல் 10ஆம் இடம்.

பண்பலை:
'ரிலாக்ஸ்' எத்தனை விதமான தட்டுகளில் விற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே பாட்டை 12 அங்குலத் தட்டில் வெவ்வேறு கலவைகளாக மாற்றி மாற்றி வெளியிட்டார்கள். தீவிர ரசிகர் ஒருவர் எல்லாவற்றையும் வாங்குவார். உங்கள் பட்டியலில் ஒருவருக்கு மூன்று நான்கு ஓட்டு.

கடைக் கணக்கும் அப்பழுக்கற்றது இல்லை. பிரிட்டனில் எல்லாக் கடைகளின் விற்பனையும் சேரவில்லை, தேர்ந்தெடுத்த சில நூறு கடைகளின் கணக்குதான். எந்தக் கடைகள் என்று தெரிந்துகொண்ட நிறுவன ஆட்கள் அங்கே போய்த் தங்கள் தட்டுகளையே வாங்கவைத்த கதை 1980 வாக்கில் தொலைக்காட்சி வரைக்கும் வந்து நாறியது. கடைக்காரர்கள் கையால் எழுதி அனுப்பிய காலம் அது. 1983இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பொறுப்பேற்று மின்னணுப் பதிவு கொண்டுவந்த பிறகுதான் கொஞ்சம் ஒழுங்கானது.

கீபோர்டு கிளி:
1981இல் அல்ட்ராவாக்ஸின் 'வியன்னா' நான்கு வாரம் 2ஆம் இடத்திலேயே நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒரு வாரம் ஜான் லென்னன் மறித்தார், சரி, அவர் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மீதி மூன்று வாரம் மறித்தது ஜோ டோல்சேயின் வேடிக்கைப் பாட்டு 'ஷட்டப் யூ ஃபேஸ்'. ஆஸ்திரேலியாவிலும் முதலிடம் பிடித்த அந்த வேடிக்கை அமெரிக்காவில் 53ஐத் தாண்டவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க வானொலிக்கு என் ஓட்டு.

இசைத்தட்டு:
எனக்கும் 'வியன்னா'தான் பிடிக்கும். ஆனாலும் அந்த மூன்று வாரம் பிரிட்டன் மக்கள் அதிகம் வாங்கியது டோல்சேயின் தட்டைத்தான். நமக்குப் பிடிக்காததை மக்கள் வாங்கினால் அதையும் பதிவு செய்வதுதான் பட்டியலின் வேலை. எது உயர்ந்த பாட்டு என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை.

பேண்ட் எய்டு என்ற பெயரில் பிரிட்டன் பாடகர்கள் பலர் சேர்ந்து பாடிய 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1984 டிசம்பரில் வந்த பாட்டு. பிரிட்டனில் வெளிவந்த உடனே முதலிடம். அமெரிக்காவிலும் லட்சக்கணக்கில் விற்றது. அப்படி விற்றும் ஹாட் 100இல் கிடைத்தது 13ஆம் இடம், காரணம் வானொலிப் புள்ளிகள் போதவில்லை. மக்கள் காசு கொடுத்து வாங்கிய ஒன்றை 13 என்று சொல்கிற பட்டியலை நான் எப்படி நம்புவது?

பண்பலை:
அது கிறிஸ்துமஸ் பாட்டு. டிசம்பர் 26க்குப் பிறகு எந்த நிலையம் அதை ஒலிபரப்பும்? சில வாரம் கழித்து, அதே பஞ்சத்துக்காக அமெரிக்கர்கள் பாடிய 'வீ ஆர் த வேர்ல்ட்' இரு நாட்டிலும் முதலிடத்துக்குப் போனது. அதே முறை, அதே நோக்கம், கிறிஸ்துமஸ் மட்டும் இல்லை. முறையில் கோளாறு இருந்திருந்தால் அங்கேயும் தெரிந்திருக்க வேண்டுமே.

இசைத்தட்டு:
கோளாறு எங்கே என்று சொல்கிறேன், இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். 80களில் பில்போர்டு தன் பட்டியலில் சேர்த்த "விற்பனை" எண்ணிக்கையே இல்லை. கடைக்காரரைக் கேட்பார்கள், அவர் எது அதிகம் போகிறது என்று வரிசைப்படுத்திச் சொல்வார். எத்தனை பிரதி என்ற கணக்கு கிடையாது. 1991இல்தான் கடைகளின் கல்லாவில் பதிவாகும் உண்மை எண்ணிக்கை வந்தது. ஆல்பம் பட்டியலுக்கு மே மாதம், ஹாட் 100க்கு நவம்பர்.

வந்ததும் என்ன நடந்தது? ஆல்பம் பட்டியலில் அடுத்த மாதமே, அதாவது ஜூனில், என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடம். செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கன்ட்ரி இசை ஆல்பம் நுழைந்த வாரமே முதலிடம். இந்த ரசிகர்கள் 1991 மே மாதத்தில் திடீரென்று பிறந்துவிடவில்லை. பல ஆண்டுகளாக வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைக்காரர் சொன்ன வரிசையில் அவர்கள் போதுமான அளவு தெரியவில்லை. அதனால் 80களின் அமெரிக்கப் பட்டியலில் வானொலியும் ஊகம், விற்பனையும் ஊகம். அதோடு 1986 பிப்ரவரியில் என்பிசி தொலைக்காட்சி வெளியிட்ட செய்தியையும் சேர்த்துப் பாருங்கள். பாட்டை வானொலியில் ஏற்ற அமர்த்தப்பட்ட சுயேச்சை விளம்பர ஆட்கள் நிலையங்களுக்குக் கையூட்டு கொடுத்ததாகச் சொன்ன செய்தி அது. அதற்குப் பிறகு பெரிய இசை நிறுவனங்கள் பல அவர்களோடு உறவை முறித்துக்கொண்டன.

பண்பலை:
எண்ணிய விதம் மோசம் என்பதை ஏற்கிறேன். ஆனால் கவனியுங்கள், 1991இல் சரியான எண்ணிக்கை வந்த பிறகும் பில்போர்டு ஹாட் 100இல் வானொலியை விடவில்லை. இன்னும் துல்லியமாக அளந்து சேர்த்தது. நான் ஆரம்பத்திலிருந்து காப்பாற்ற நினைப்பது அந்தக் கலப்பைத்தான்.

ரைன்கரை:
அந்தக் கலப்போடு ரஷ்ஷின் பாட்டு என்ன ஆனது என்று பார்ப்போம். ஏர் சப்ளை குழு 1985இல் பாடியது, அமெரிக்காவில் 68. ரஷ் 1986இல், 57. லாரா பிரானிகன் 1987இல், 26. செலின் டியோன் 1994இல் பாடி நான்கு வாரம் முதலிடம். பாட்டு ஒன்றேதான். அமெரிக்கர்களுக்கு அது பிடிக்காத பாட்டு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இசைத்தட்டு:
நன்றி அண்ணை. உண்மையான எண்ணிக்கை வந்த பிறகுதான் அந்தப் பாட்டு அமெரிக்காவில் மேலே வந்தது. நான் இத்தனை நேரம் சொன்னதும் அதுதான்.

பண்பலை:
இல்லை. டியோனை அமெரிக்க வானொலிக்கு அதற்குள் நன்றாகத் தெரியும். 1991இலேயே 'வேர் டஸ் மை ஹார்ட் பீட் நவ்' அவரை 4ஆம் இடத்துக்குக் கொண்டுவந்திருந்தது. அவர் பாடியதும் நிலையங்கள் உடனே எடுத்துக்கொண்டன, கடைகளிலும் விற்றது. ரஷ் அங்கே யாருக்கும் தெரியாத குரல். எண்ணும் முறை பழையபடியே இருந்திருந்தாலும் 1994இல் டியோன் முதல் பத்துக்குள் வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். விற்பனை மட்டும் எண்ணிய பிரிட்டனில் டியோனுக்குக் கிடைத்தது 4ஆம் இடம். உங்கள் பட்டியலே ரஷ்ஷை மேலேயும் டியோனைக் கீழேயும் வைத்திருக்கிறது.

இசைத்தட்டு:
பிரிட்டனில் அந்தப் பாட்டை ரஷ் குரலில் பத்து லட்சத்துக்கு மேல் வாங்கி வீட்டில் வைத்திருந்தார்கள். எட்டே ஆண்டில் இரண்டாவது முறையும் வாங்கி 4ஆம் இடம் கொடுத்தார்கள் என்றால் அதைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊகம் நடந்திருக்குமா என்பதை இருவராலும் நிரூபிக்க முடியாது. 1986இல் அமெரிக்கக் கடைகளில் ரஷ்ஷின் தட்டு எத்தனை விற்றது என்ற எண்ணிக்கையை அன்று யாராவது எடுத்திருந்தால் நாம் இவ்வளவு பேச வேண்டியே இருந்திருக்காது.