ஊழியங்களில் ஆதி பாரம் ஏன் தணிந்துபோகிறது?

எலிம் (கேள்வி):

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். நான் ஒரு மிஷனெரி ஊழியத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். சொந்தக் கட்டடமோ நிலையான வருமானமோ இல்லாத நாட்களில், சுவிசேஷம் கேள்விப்படாத ஜனங்களுக்காக எங்கள் ஸ்தாபகர்கள் பாரத்தோடு, அதாவது அவர்களைக் குறித்த தீராத மனச்சுமையோடு, இரவெல்லாம் ஜெபித்ததை மூத்த ஊழியர்கள் இன்றும் கண்ணீரோடு நினைவுகூருகிறார்கள். இப்போது கணக்குகள் ஒழுங்காக இருக்கின்றன, ஊழியர்களுக்குச் சம்பளம் தவறாமல் கிடைக்கிறது, ஆண்டறிக்கையும் குறித்த நாளில் வெளிவருகிறது. ஆனால் குழுக்கூட்டத்தின் நேரம் முழுவதும் சொத்து, பணியிடம், அடுத்த விழா ஆகியவற்றைப் பேசுவதிலேயே கழிந்துவிடுகிறது. ஜெபம் கூட்டத்தைத் தொடங்கவும் முடிக்கவும் மட்டுமே பயன்படுகிறது.

யாரும் பணத்தைக் கையாடவில்லை, உபதேசத்திலும் புரட்டு இல்லை. இதுவே என்னை அதிகமாகக் கலங்கச் செய்கிறது. கிரியை, பிரயாசம், பொறுமை ஆகிய அனைத்துக்காகவும் பாராட்டப்பட்ட எபேசு சபைக்குத்தானே, வெளிப்படுத்தின விசேஷத்தில் 'நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்' என்று சொல்லப்பட்டது? ஓர் ஊழியம் அமைப்பாக வளர்வதே இந்த நிலைக்குக் காரணமா? நிர்வாகத்தில் இருப்பவர்களால் இதை மாற்ற முடியுமா?

சபைச் சரித்திரம் (பதில்):

சகோதரருக்கு வணக்கம். சரித்திரத்தைப் படிக்கும்போது, பெரும்பாலான ஊழியங்கள் தோல்வியினால் அல்ல, வெற்றியினாலேயே அனலை இழந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. பிரான்சிஸ்கன் துறவற சபையைத் தொடங்கிய அசிசியின் பிரான்சிஸ் தரித்திரத்தையே தம் அழைப்பாக ஏற்று, அந்தச் சபைத் துறவிகளான தம் சகோதரர்கள் பணத்தைத் தொடவே கூடாது என்று விதித்தார். 1226இல் அவர் மரித்தார். 1228இலேயே அவருடைய கல்லறைக்காக மாபெரும் ஆலயம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1230இல், அவர் மரணத்திற்கு முன் எழுதிய இறுதிச் சாசனம் சகோதரர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று போப் ஒன்பதாம் கிரகோரி அறிவித்தார். அந்த அறிவிப்பைக் கேட்டு வாங்கியவர்கள் பிரான்சிஸின் எதிரிகள் அல்லர், அவரை நேசித்தவர்களே. ஆயிரக்கணக்கில் பெருகிவிட்ட சகோதரர்களுக்கு உறைவிடமும் கல்வியும் தேவைப்பட்டன; அந்தத் தேவை நியாயமானதாகவும் இருந்தது. நியாயமான தேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அழைப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே இதிலுள்ள ஆபத்து.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதை முன்கூட்டியே கண்டார். மெதடிஸ்டுகள் இல்லாமற்போவார்கள் என்று தாம் அஞ்சவில்லை, பக்தியின் வேஷம் இருந்தும் அதன் பெலன் இல்லாத செத்த கூட்டமாக நிலைத்திருப்பார்களோ என்றே அஞ்சுவதாக 1786இல் எழுதினார். அவருடைய விளக்கமும் கவனிக்கத்தக்கது: மெய்யான பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கும், அவை செல்வத்தைப் பிறப்பிக்கும், செல்வமோ பக்தியை அரித்துவிடும். அவர் 1791இல் மரித்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1861இல், முழுநேர சுவிசேஷகராக ஊர் ஊராகச் செல்ல அனுமதி கிடைக்காததால், பின்னாளில் இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத் தாம் சார்ந்திருந்த மெதடிஸ்ட் பிரிவை விட்டு வெளியேறினார். திறந்தவெளிப் பிரசங்கத்தால் வளர்ந்த ஓர் இயக்கத்தின் வாரிசுகளுக்கு ஒரு சுவிசேஷகரை எங்கே வைப்பது என்று தெரியாமற்போனது மிகுந்த வேதனைக்குரியது.

பெத்தானியா:

மேலே சகோதரர் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அமைப்பின்மேல் குற்றத்தைச் சுமத்துவதற்கு முன் வெஸ்லியின் வாழ்க்கையிலிருந்தே இன்னொரு நிகழ்வையும் பார்க்க வேண்டும். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கட்டடக் கடனைத் தீர்ப்பதற்காக, அங்கத்தினர்களைச் சுமார் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவரை நியமித்தார்கள். அந்தத் தலைவர்கள் வீடு வீடாகச் சென்றபோது, யார் பாவத்தில் விழுந்திருக்கிறார், யாருடைய வீட்டில் சண்டை நடக்கிறது என்பதெல்லாம் தெரியவந்தது. வெஸ்லி உடனே அந்த ஏற்பாட்டை ஆத்தும விசாரிப்புக்கு உரியதாக்கினார். கடன் வசூலுக்காகப் பிறந்த நிர்வாக ஏற்பாடே மெதடிஸ்ட் எழுப்புதலின் முதுகெலும்பாக மாறியது.

ஆகவே அமைப்பு இருக்கிறதா என்று கேட்பதைவிட, அந்த அமைப்பு ஊழியரை ஜனங்களிடம் அனுப்புகிறதா, ஜனங்களிடமிருந்து விலக்கி அலுவலகத்தில் அமர்த்துகிறதா என்று கேட்பதே சரியானது. ஜனங்களைக் காணாதவருக்குப் பாரம் வராது. ஸ்தாபகரின் வாழ்க்கை வரலாற்றை வாசித்தும் வராது. நியாயாதிபதிகள் 2:10இல் சொல்லப்பட்ட, கர்த்தரையும் அவர் செய்த கிரியையையும் அறியாத சந்ததி, அந்தக் கிரியைகளைக் கேள்விப்படாத சந்ததியாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எலிம்:

இருவருக்கும் நன்றி. எங்கள் குழுவில் பாதிப்பேர் பல ஆண்டுகளாகப் பணித்தளத்துக்கே சென்றதில்லை என்பது பெத்தானியா சகோதரி எழுதியதை வாசித்தபோதுதான் உறைத்தது. ஆனால் சொத்தும் சம்பளமும் சட்டப்படி கவனிக்க வேண்டியவை. அவற்றை அலட்சியப்படுத்துவதும் பாவமாகாதா?

தெக்கோவா:

அலட்சியப்படுத்தச் சொல்லி வேதமும் சொல்லவில்லை, ஐயா. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்கான பந்தி விசாரணை (அன்றாட உணவுப் பங்கீடு) சீர்கெட்டபோது, அப்போஸ்தலர்கள் அதைத் தள்ளிவிடாமல், பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரிடம் ஒப்படைத்துவிட்டு, ஜெபத்திலும் வசன ஊழியத்திலும் நிலைத்திருந்தார்கள். அந்த எழுவரில் ஸ்தேவான் இரத்தசாட்சியானார், பிலிப்பு சமாரியாவில் கிறிஸ்துவைப் பிரசங்கித்தார். பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்டவர்களிடமும் அதே அனல் இருந்தது. நாமோ கணக்குத் தெரிந்தவர், செல்வாக்குள்ளவர், ஸ்தாபகரின் உறவினர் என்று பார்த்துக் குழுவை நிரப்புகிறோம்.

என் ஆலோசனை சிலருக்குக் கடினமாக இருக்கலாம். குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் சில நாட்கள் பணித்தளத்தில் ஊழியரோடு தங்கி, அவர் சந்திப்பவர்களைச் சந்திக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதுங்கள். ஊழியத்தைக் காணிக்கையால் தாங்குவோருக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். பலன் காணாத பணித்தளத்தைப் பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள். எண்ணிக்கையைக் காட்டினால்தான் காணிக்கை வரும் என்ற பயம் நுழைந்துவிட்டால், ஊழியர் ஆத்துமாக்களுக்காக அல்ல, அறிக்கைக்காகவே ஓடத் தொடங்குவார்; தலைமையகத்துக்கும் உண்மை நிலவரம் தெரியாமற்போகும்.

அதோடு, எந்த ஜனத்துக்காக ஊழியம் தொடங்கப்பட்டதோ அவர்களிடையே உள்ளூர் சபை வேரூன்றிவிட்டதா என்று விசாரியுங்கள். வேரூன்றியிருந்தால் கட்டடத்தையும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு, இன்னும் சுவிசேஷம் எட்டாத இடத்துக்கு ஊழியர்களை அனுப்பலாமா என்ற கேள்வியை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வையுங்கள். அதற்காக உபவாசித்து ஜெபிக்க ஒரு முழு நாளைக் குழு ஒதுக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.