35 சென்ட் போட்ட ஸ்டார் வார்ஸ் முதல் இதழ்: வாங்கலாமா?

நிலாப்பாதை:

வணக்கம் நண்பர்களே. அறிவியல் புனைகதைப் படங்களைத் தழுவி அமெரிக்காவில் வந்த பழைய காமிக்ஸ்களைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே ஒரு பழைய புத்தகச் சந்தையில் மார்வெலின் ஸ்டார் வார்ஸ் முதல் இதழைப் பார்த்தேன். 1977-இல் வந்தது. அட்டையில் 35 சென்ட் என்று இருக்கிறது. "எல்லாரிடமும் இருப்பது 30 சென்ட் இதழ், இது அபூர்வம்" என்று சொல்லி விற்பவர் 600 டாலர் கேட்கிறார். அடுத்த வாரம் வரை எடுத்து வைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

எதைப் பார்த்து முடிவு செய்வது? இதை வாங்கினால் பல மாதத்துக்கு வேறு எதுவும் வாங்க முடியாது. அந்தப் பணத்துக்கு வேறு என்ன தேடலாம் என்றும் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள்:

தம்பி, அவசரப்பட்டுப் பணத்தை நீட்டிவிடாதீர்கள். 35 சென்ட் இதழ் அபூர்வம் என்பது உண்மை. ஆனால் 35 சென்ட் போட்டதெல்லாம் அந்த அபூர்வ இதழ் இல்லை.

விலையை ஏற்றினால் வாசகர்கள் வாங்குவார்களா என்று பார்க்க, 1977-இல் மார்வெல் சில ஊர்களுக்கு மட்டும் 35 சென்ட் அச்சிட்டு அனுப்பியது. ஸ்டார் வார்ஸில் முதல் நான்கு இதழ்களுக்கு அப்படி உண்டு. அதே சமயம் படம் வெளியாகி ஓடிய ஓட்டத்தில் காமிக்ஸும் கடையில் நிற்காமல் பறந்ததால், திரும்பத் திரும்ப மறுபதிப்பு போட்டார்கள். மார்வெல் அன்று தள்ளாடிக்கொண்டிருந்தது, நிறுவனத்தைக் காப்பாற்றியதே இந்த ஸ்டார் வார்ஸ்தான் என்று பிற்பாடு ஆசிரியராக இருந்த ஜிம் ஷூட்டர் எழுதியிருக்கிறார். அந்த மறுபதிப்புகளிலும் 35 சென்ட் இருக்கும். குழப்பம் அங்கேதான்.

அட்டையின் கீழ் மூலையில் பார்கோடு கட்டம் இருக்கும், அதை முதலில் பாருங்கள். அபூர்வ இதழில் கோடுகள் முழுதாக அச்சாகியிருக்கும், விலையும் சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். கட்டம் வெறுமையாக இருந்தாலோ, விலை வைர வடிவத்துக்குள் இருந்தாலோ அது வேறு. மூன்று மூன்றாகப் பையில் போட்டு பெரிய கடைகளில் விற்ற விட்மன் பதிப்பு அல்லது மறுபதிப்பு. அப்புறம் முதல் பக்கத்தைத் திறந்து அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படியுங்கள். மறுபதிப்பு என்றால் 'ரீப்ரிண்ட்' என்று போட்டிருப்பான், சிலவற்றில் அட்டையிலேயே இருக்கும். உறையிலிருந்து எடுத்துக் காட்ட விற்பவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 0 என்ற எண்ணை 5 ஆகத் திருத்திய இதழ்களும் சுற்றுகின்றன, கையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கட்டும். உண்மையான 35 சென்ட் இதழ் நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். அதை 600-க்குத் தருகிறார் என்பதே எனக்கு உறுத்துகிறது.

என் கருத்து வேண்டுமென்றால் சாதாரண 30 சென்ட் இதழையே தேடுங்கள். உள்ளே இருப்பது அதே கதை, அதே படங்கள். அந்தப் படங்களுக்காகத்தான் நான் இத்தனை காலமாகச் சேர்க்கிறேன். படம் வந்தது 1977 மே 25. முதல் இதழ் அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. எழுதிய ராய் தாமஸும் வரைந்த ஹாவர்ட் சேக்கினும் முடிந்த படத்தைப் பார்த்து அதைச் செய்யவில்லை. திரைக்கதையையும் சில புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு உழைத்தார்கள். அதனால் திரையில் வெட்டப்பட்டவை காகிதத்தில் தப்பிவிட்டன. கதாநாயகன் லூக் தன் நண்பன் பிக்ஸைத் தன் சொந்தக் கிரகமான டாட்டூயினில் சந்திக்கும் காட்சி முதல் இதழிலேயே இருக்கிறது. இரண்டாம் இதழில் கடத்தல் கும்பல் தலைவன் ஜப்பா வருகிறான் பாருங்கள், நாம் அறிந்த அந்தப் பெரிய புழு இல்லை. மஞ்சள் தோலும் மீசையுமாக, இரண்டு காலில் நிற்கும் ஓர் ஆள்! ஜப்பா எப்படி இருப்பான் என்று அப்போது யாருக்குமே தெரியாது. வீடியோ கேசட் பரவாத காலத்தில் படத்தைத் திரும்பப் பார்க்க ரசிகர்களுக்கு இருந்தது இந்தப் பக்கங்கள்தான்.

அந்தப் பணத்துக்கு வேறு நல்லவை நிறைய உண்டு. 1976-இல் ஜாக் கிர்பி வரைந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' பெரிய அளவு சிறப்பிதழ் முதலில். படம் வந்து எட்டு வருடம் கழித்து வந்தது. படத்தில் பேச்சே குறைவு. கிர்பியோ கட்டத்துக்குக் கட்டம் விவரணை எழுதி, விண்வெளி வீரர் ஒளிப்பாதை வழியே வேறு உலகுக்குப் பாயும் 'விண்வாயில்' காட்சியைக் கரும்புள்ளிகளும் பிழம்புகளுமாகப் பக்கம் முழுக்க வெடிக்க வைத்திருக்கிறார். படத்தின் அமைதியை நேசிப்பவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், எனக்கு உயிர். 1979-இல் ஆர்ச்சி குட்வின் எழுதி வால்ட் சைமன்சன் வரைந்த 'ஏலியன்' வண்ணப் புத்தகம், 1982-இல் அல் வில்லியம்சன் பங்கேற்ற 'பிளேட் ரன்னர்' (மார்வெல் சூப்பர் ஸ்பெஷல் 22) இரண்டையும் விடாதீர்கள். 1977-இன் 'லோகன்ஸ் ரன்' ஏழே இதழ்கள். படத்தின் கதை முதல் ஐந்தில் முடிந்துவிடும், வரைந்தவர் ஜார்ஜ் பெரெஸ். ஆறாம் இதழ் மட்டும் விலை கூடுதலாக இருக்கும், அதில் மார்வெலின் பெரிய வில்லன் தானோஸின் தனிக் கதை ஒன்று துணைக்கதையாக வருவதால். உங்களுக்கு லோகன் கதைதான் முக்கியம் என்றால் ஐந்தோடு நிறுத்துங்கள்.

மழைக்காடு:

அண்ணன் சொன்ன பட்டியலோடு மார்வெலின் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' கறுப்பு வெள்ளைப் பத்திரிகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1974 முதல் 1977 வரை 29 இதழ்கள். குரங்குகள் ஆளும் உலகைப் பற்றிய ஐந்து படங்களும் உள்ளே உண்டு, பெரும்பகுதி எழுதியவர் டக் மோயன்ச். இங்கிலாந்தில் இதே பெயரில் வார இதழ் வந்தது. அமெரிக்காவிலிருந்து பக்கங்கள் வந்து சேரும் வேகம் போதவில்லை என்பதால், செவ்வாய்க்காரர்களோடு மோதும் 'கில்ரேவன்' கதையை எடுத்து எதிரிகளுக்குக் குரங்குத் தலையை ஒட்ட வைத்து, 'ஏப்ஸ்லேயர்' என்று பெயர் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அந்த இதழ்களைத் தேடிப் பிடிப்பது தனி சுகம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. நான் ஹூஸ்டனில் இருக்கிறேன், புழுக்கம் அதிகம். இந்தக் காமிக்ஸ் எல்லாம் நியூஸ்பிரிண்ட். அதில் இருக்கும் அமிலத்தாலேயே தாள் பழுப்பேறி நொறுங்கும். ஈரம் பட்டால் ஸ்டேபிள் துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளையும் அரித்துவிடும். மாடிப் பரணிலும் தரைக்கடி அறையிலும் வைக்காதீர்கள். அமிலமற்ற அட்டையோடு மைலார் என்ற கெட்டியான தெளிவான பிளாஸ்டிக் உறை போடுங்கள். வெறும் பாலித்தீன் என்றால் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாங்கும்போது ஸ்டேபிளைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை இருந்தால் தொடவே வேண்டாம், பெட்டியில் மற்றதுக்கும் பரவும்.

நிலாப்பாதை:

பழுப்புத்தாள் அண்ணா, இன்று போய்ப் பார்த்தேன். பார்கோடு கட்டம் காலி. உள்ளே பொடி எழுத்தில் ரீப்ரிண்ட் என்று தெளிவாக இருக்கிறது. விற்பவரிடம் காட்டினேன். அவருக்கே தெரியாதாம், உடனே விலைச்சீட்டைக் கிழித்துவிட்டார். அதே மேசையில் கிர்பியின் 2001 கிடைத்தது, 40 டாலர். முதுகில் சின்ன மடிப்பு, பக்கங்கள் முழுசாக இருக்கின்றன. வாங்கிவிட்டேன். இதற்கு என் உறை எதுவும் பொருந்தவில்லை. அலமாரியில் நிமிர்த்தி வைக்கலாமா?

பழுப்புத்தாள்:

நல்ல விலை தம்பி. நிமிர்த்தி வைக்காதீர்கள். அந்த அளவுக்குத் தாள் தன் கனத்திலேயே வளைந்து, மடிப்பு இன்னும் நீளும். 'டிரெஷரி' அளவு என்று கேட்டால் உறையும் அட்டையும் சேர்த்தே தருவார்கள். படுக்க வைத்து, மேலே கனம் ஏற்றாமல் விடுங்கள். உறையில் போடுவதற்கு முன் ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். விண்வாயில் பக்கங்களுக்கு வந்ததும் எப்படி இருந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.