பாலைவன வீட்டில் ஸ்டக்கோ (சிமெண்ட் வெளிப்பூச்சு) மாற்ற எந்தப் பருவம் சரி?

மணல்வீடு:
மரச்சட்ட வீடு, இரண்டு மாடி. தெற்கு, மேற்குச் சுவர்களில் வெளிப்பூச்சைத் தட்டினால் பல இடங்களில் வெற்றோசை வருகிறது. ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. பழையதை இரும்பு வலையோடு பிரித்துவிட்டு, மூன்று பூச்சாகப் புதிதாகப் பூச முடிவு செய்தாயிற்று. இங்கே கோடையில் 43 டிகிரி வரை போகும், ஈரப்பதம் 10 சதவீதம்தான். கோடைக் கடைசியில் திடீர் இடிமழை. குளிர்காலத்தில் சில இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே. ஒப்பந்ததாரர் "வெயிலில் சீக்கிரம் காயும், கோடையிலேயே முடித்துவிடலாம்" என்கிறார். சரியா?

கரணை:
சரியில்லை. சிமெண்ட் பூச்சு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினை முடியுமுன் தண்ணீர் பறந்துவிட்டால் பூச்சு வெளியே கெட்டியாகத் தெரியும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். "சீக்கிரம் காயும்" என்பது இந்த வேலையில் ஒரு குறை.

கணக்காகவே பாருங்கள். 10 மி.மீ. பூச்சில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ தண்ணீர் இருக்கும். 35 டிகிரி வெயில், 10 சதவீத ஈரப்பதம், மணிக்கு 20 கி.மீ. காற்று, கலவை 30 டிகிரி என்றால், ஈரமான பரப்பிலிருந்து மணிக்கு 1.6 கிலோவுக்கு மேல் ஆவியாகும். இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடும். மணிக்கு 1 கிலோவைத் தாண்டினாலே சுருக்க விரிசல் வரும் என்பது கான்கிரீட் வேலையில் வழக்கமாக வைத்திருக்கும் எல்லை. அதே சுவரில் காற்றும் கலவையும் 20 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம், காற்று வேகம் 10 கி.மீ. என்றால் 0.5 கிலோகூட வராது.

ஆகவே உங்கள் இடத்துக்கு இலையுதிர் காலம். இடிமழை ஓய்ந்து, பகல் வெப்பம் 30க்குக் கீழே இறங்கியதும் பிரிக்க ஆரம்பியுங்கள். முடிவுத் தேதியை உறைபனியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பூசுவதற்கு முந்தைய நாள் முதல் பூச்சு இறுகும்வரை வெப்பம் 4 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. பிரிப்பது, நீர்த்தடுப்புத் தாள், வலை, மூன்று பூச்சு, இடையில் ஈரப்பதத்தில் வைக்கும் நாட்கள் எல்லாம் சேர்த்து மூன்று நான்கு வாரம் ஆகும். இரவு 5 டிகிரியைத் தொடுவதற்கு ஆறு வாரம் முன்னதாகவே தொடங்கினால் நெருக்கடி இருக்காது.

சாரம்:
கரணை சொன்னதை ஏற்கிறேன். ஒன்று சேர்க்க வேண்டும்: வெப்பமானியை மட்டும் பார்த்து நாள் குறிக்காதீர்கள், காற்றைப் பாருங்கள். வசந்தத்தில் 20 டிகிரிதான் இருக்கும், "அருமையான நாள்" என்று தோன்றும். ஈரப்பதம் 15 சதவீதம், காற்று 35 கி.மீ. என்றால் அன்றும் 1 கிலோ எல்லை தாண்டிவிடும். போதாததற்குப் புழுதி. முதல் பூச்சில் பிடிப்புக்காகப் போட்ட கீறல்களில் படிந்த தூசியைக் கழுவாமல் இரண்டாம் பூச்சு போட்டால் பிடிப்பே இருக்காது. பிறகு நீங்கள் கேட்கிற அதே வெற்றோசைதான். வசந்தம் எனக்கு இரண்டாவது தேர்வு, அதுவும் சாரத்தில் காற்றுத் தடுப்பு வலை கட்டினால்.

பருவம் எதுவானாலும் நிழலைத் துரத்திக்கொண்டே வேலை செய்ய வேண்டும். மேற்குச் சுவர் காலையில், கிழக்குச் சுவர் பிற்பகலில். தெற்குச் சுவருக்கு நாள் முழுக்க நிழல் கிடைக்காது, நிழல் வலை கட்டியே ஆகணும். மணல் குவியலைத் தார்ப்பாயால் மூடுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் நிற்கும் தண்ணீர் சுடும், அதைக் கொட்டிவிட்டுப் பிறகு கலவைக்குப் பிடியுங்கள். சூடான தண்ணீர் போட்டால் கலவை டப்பாவிலேயே இறுக ஆரம்பிக்கும். ஆட்கள் மீண்டும் மீண்டும் தண்ணீர் ஊற்றி இளக்குவார்கள். வலு அங்கேயே போய்விடும்.

மணல்வீடு:
இருவருக்கும் நன்றி. ஆள் கிடைக்கும்போதே கோடையில் பழையதைப் பிரித்து, தாளும் வலையும் அடித்து வைத்துவிட்டு, பூச்சை மட்டும் இலையுதிர் காலத்தில் போடலாமா?

கரணை:
வேண்டாம். தார் பூசிய தாள் பாலைவன வெயிலில் சில வாரங்களிலேயே சுருங்கி, ஆணி அடித்த இடங்களில் கிழியும். அதன் மேல் ஒரு இடிமழை பெய்தால் அடியிலுள்ள ஓஎஸ்பி பலகை (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை) ஓரங்களில் உப்பும், அது திரும்பத் தட்டையாகாது. ஒரு பக்கச் சுவரைப் பிரித்தால் அதே வாரத்தில் தாள், வலை, முதல் பூச்சு மூன்றும் ஏறட்டும், பிறகு அடுத்த சுவர்.

கோடையில் செய்யத் தகுந்தது வேறு இருக்கிறது. தட்டிப் பார்த்து வெற்றோசை வரும் பகுதிகளைச் சாக்குக்கட்டியால் குறியுங்கள். ஜன்னலைச் சுற்றியுள்ள தகடுகள், கூரை சுவரைச் சந்திக்கும் மூலை, அடியில் தண்ணீர் வடிய வைக்கும் துளைப்பட்டை எல்லாவற்றையும் பாருங்கள். அந்தப் பட்டை மண்ணுக்கு மேல் 10 செ.மீ., தளம் போட்ட இடத்தில் 5 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மண் ஏறி மூடியிருந்தால் இப்போதே வெட்டி இறக்குங்கள்.

ஜன்னல் மூலை விரிசலுக்குப் பருவம் மட்டும் காரணமில்லை. கன்ட்ரோல் ஜாயிண்ட் (பூச்சு கண்டபடி வெடிக்காமல் இருக்க வேண்டுமென்றே விடும் இணைப்பு) எங்கே வருகிறது என்று வரைந்து வாங்குங்கள். ஜாயிண்டுகளுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம் 13 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, நீளம் 5.5 மீட்டருக்குள், நீளம் அகலத்தைப் போல் இரண்டரை மடங்குக்குள். ஜாயிண்ட் வரும் இடத்தில் வலை தொடராமல் வெட்டுப்பட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சாரம்:
பூச்சுகளின் இடைவெளி: முதல் பூச்சு 10 மி.மீ., கிடைமட்டமாகக் கீறிவிட்டு 48 மணி நேரம் ஈரமாக வைக்க வேண்டும். இரண்டாவது 10 மி.மீ., மட்டக்கோல் இழுத்த பிறகு பளபளப்பு மறையும் நேரம் பார்த்து மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இதுதான் விரிசலை மூடும் வேலை. இலையுதிர் காலத்தில் இதற்கு நிதானமாக நேரம் கிடைக்கும், கோடையில் பாதிச் சுவர் முடியுமுன் மீதி இறுகிப் போயிருக்கும். அதற்குப் பிறகு குறைந்தது ஏழு நாள். வர வேண்டிய விரிசல் அதற்குள் வரட்டும், மேல்பூச்சு 3 மி.மீ. அதை மறைத்துவிடும்.

தண்ணீர் பனித்துளியாகத் தெளிக்க வேண்டும், ஹோஸை நேராகப் பீய்ச்சக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை என்ற பழக்கம் ஈரமான ஊருக்குச் சரி. பாலைவனத்தில் சுவர் வெளுக்கத் தொடங்கும்போதெல்லாம் தெளிக்கணும், நான்கைந்து முறை ஆகும். நடுப்பகலில் சுட்டுக்கொண்டிருக்கும் சுவரில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் மயிரிழை விரிசல் வலைபோல் பரவும். அதனால் சுவர் சூடேறும் முன்பே காலையில் ஆரம்பியுங்கள்.

நிழல்வலை:
மேல்பூச்சைப் பற்றிக் கொஞ்சம். நிறம் கலந்த சிமெண்ட் மேல்பூச்சு என்றால் ஒரு சுவரை ஒரே நாளில், மூலையிலிருந்து மூலைவரை நிறுத்தாமல் முடிக்க வேண்டும். பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் காய்ந்தால் திட்டுத் திட்டாக நிறம் மாறும். குளிர்காலத்துக்குள் தள்ளிப்போனால் வேறு தொல்லை: இறுகுவது மெதுவாகி, உப்பு வெள்ளையாகப் பூக்கும். நீங்கள் ரப்பர்போல் நீளும் வகைப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களானால் 28 நாள் காத்திருங்கள். புதுச் சிமெண்டின் காரத்தன்மை அதற்குள் குறைந்தால்தான் பெயின்ட் பிடிக்கும்.

குளிர்காலத்தில் பெயின்ட் அடிப்பதானால் பகல் 11 மணியிலிருந்து 2 மணிக்குள் முடியுங்கள். தெளிந்த வானத்தில் சுவர் காற்றைவிட முன்னதாகக் குளிர்ந்துவிடும். ஆகவே பெயின்ட் டப்பாவில் போட்டிருக்கும் குறைந்தபட்ச வெப்பத்தைச் சுவரில் வைத்த வெப்பமானியோடு ஒப்பிடுங்கள், போனில் காட்டும் வானிலையோடு அல்ல.